பண்டிகைக் காலத்தில் குமரி மாவட்டம் வந்தால் என்ன சாப்பிடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில்தான் எனக்குச் சொந்த ஊர். வேலைக்காகச் சில வருடங்கள் சென்னையில் இருந்தேன். அங்கே பழகிய நண்பர்கள் இப்போதும் ஒவ்வொரு பண்டிகைக்கும் முன்னால் போன் செய்து, "உங்க ஊருக்கு வர்றோம், எங்கே போய் என்ன சாப்பிடறது?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எங்கள் ஊரில் நல்ல சாப்பாட்டைக் கடையின் பெயரைவிடத் தேதிதான் முடிவு செய்யும். ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு பண்டம் உண்டு. அந்த நாளில் அந்த இடத்தில் இருந்தால் அது கிடைக்கும்.

எந்த மாதம் வந்தால் நன்றாக இருக்கும்?

ஆடியிலிருந்து மாசி வரை எப்போது வந்தாலும் ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருக்கும். ஆடிச் செவ்வாய்க்கிழமைகளில் தாழக்குடி பக்கத்து ஔவையார் அம்மன் கோயிலில் பெண்கள் கூட்டமாக வந்து கொழுக்கட்டை அவித்துப் படைப்பார்கள். ஆவணியில் ஓணமும், நாகராஜா கோயிலின் ஞாயிற்றுக்கிழமைகளும். புரட்டாசியில் நவராத்திரி. கார்த்திகையில் திருக்கார்த்திகையும், டிசம்பர் 3-ல் முடியும் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவும் அடுத்தடுத்து வரும். மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டம், கூடவே கிறிஸ்துமஸ். தையில் பொங்கல். மாசியில் சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டமும் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை விழாவும். ரம்ஜான் வருடா வருடம் தேதி மாறும்.

ஒரே ஒரு தடவைதான் வர முடியும் என்றால், நவம்பர் கடைசியில் வாருங்கள். பல வருடங்களில் திருக்கார்த்திகையும் சவேரியார் திருவிழாவும் சில நாள் இடைவெளியில் அமையும். மழை பெய்து ஊர் பச்சையாக இருக்கும். எல்லா வீட்டு அடுப்பிலும் ஏதாவது ஒன்று வெந்துகொண்டிருக்கும்.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு ஓணத்துக்கு லீவு விடுகிறீர்களே, ஏன்?

1956 நவம்பர் 1 வரைக்கும் இந்த மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்தது. எல்லை மாறினாலும் அடுப்பங்கரை மாறவில்லை. தேங்காய் எண்ணெய், புளிசேரி என்கிற மோர்க்குழம்பு, எரிசேரி, பிரதமன் என்கிற தேங்காய்ப்பால் பாயசம் எல்லாம் கேரளத்திலும் உண்டு, இங்கேயும் உண்டு. ஓணத்துக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை. தோவாளைப் பூச்சந்தையில் அந்த வாரம் விடிவதற்கு முன்பே கால் வைக்க இடமிருக்காது. மாவட்டத்தின் மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளில் ஓண விருந்து விரிவாக இருக்கும். நாகர்கோவிலைச் சுற்றிய நாஞ்சில் நாட்டு வீடுகளிலும் அன்று இலை போட்டுத்தான் சாப்பாடு.

இலைச் சாப்பாட்டில் இத்தனை கூட்டு இருக்கிறதே, எதை எதோடு சாப்பிடுவது?

இதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன்.

இலையின் நுனி உங்கள் இடது கைப் பக்கம் இருக்கும். அங்கேதான் முதலில் உப்பு, நார்த்தங்காய், மாங்காய், இஞ்சிக்கறி வரும். அப்புறம் ஏத்தங்காய் உப்பேரி (நேந்திரங்காய் சிப்ஸ்), அதையே வெல்லப் பாகில் புரட்டிய சர்க்கரைவரட்டி. பிறகு தயிர் சேர்த்த கிச்சடி, பச்சடி, துவரன் (தேங்காய் போட்ட பொரியல்), அவியல், எரிசேரி. ஓரமாக ஒரு பழம். இத்தனையும் வைத்து முடிக்கும் வரை சோறு வராது. அந்த நேரத்தில் உப்பேரியை ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டு காத்திருப்பது வழக்கம்தான், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

சோறு விழுந்ததும் முதலில் பருப்பு. சிறுபயற்றம் பருப்பு, மேலே நெய். பப்படத்தை அதன்மேல் நொறுக்கிப் பிசைய வேண்டும். பருப்புக்கு நிறையச் சோறு வாங்கிவிடாதீர்கள். நாலு வாய் போதும். அடுத்தது சாம்பார். இதற்குத்தான் அவியலும் எரிசேரியும் நிறையத் தேவைப்படும். எங்கள் பக்கத்துப் பந்திகளில் சாம்பார் முடிந்ததும் பாயசம் வந்துவிடும், அதற்கப்புறம்தான் புளிசேரி, ரசம், மோர். இந்த வரிசை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பாயசம் வந்ததும் சாப்பாடு முடிந்துவிட்டது என்று எண்ணி வெளியூர்க்காரர்கள் எழுந்துவிடுவார்கள். எழாதீர்கள். தித்திப்பெல்லாம் உள்ளே போன பிறகு, தேங்காய் அரைத்த புளிசேரியும் நல்லமிளகு ரசமும் நாக்கைத் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். அந்த வரிசையில் ஒரு வைத்தியம் இருக்கிறது.

இதில் இரண்டை மட்டும் கவனமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். ஒன்று அவியல். தடியங்காய் (வெள்ளைப்பூசணி), சேனை, வாழைக்காய், முருங்கைக்காய், புடலங்காய், வெள்ளரிக்காய், சீனியவரைக்காய் எல்லாம் விரல் நீளத்துக்கு நறுக்கி, தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் ஒன்றிரண்டாக அரைத்துச் சேர்த்தது. மாங்காய்க் காலமென்றால் புளிப்புக்கு மாங்காய், இல்லையென்றால் தயிர். இறக்கும்போது பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும் போட்டு உடனே மூடிவிட வேண்டும். மூடியைத் திறக்கும்போது வருகிற வாசனையிலேயே சமையல்காரரின் கை தெரிந்துவிடும். தாளிக்கக் கூடாது. கரண்டியில் எடுத்தால் ஒழுகவும் கூடாது.

இன்னொன்று எரிசேரி. சேனையும் ஏத்தங்காயும் நல்லமிளகுக் காரத்தில் வெந்திருக்கும். மேலே தேங்காய்த்துருவலைச் சிவக்க வறுத்துக் கொட்டியிருப்பார்கள். வாயில் அந்த வறுத்த தேங்காய் அகப்படும் இடம்தான் எரிசேரியின் உயிர்.

பாயசத்தில் பழத்தையும் பப்படத்தையும் போட்டுப் பிசைகிறார்களே?

ஆமாம், நீங்களும் பிசையுங்கள். அடைப்பிரதமனோ பருப்புப் பாயசமோ இலையில் விழுந்ததும், ஒரு ரசகதலியையோ மட்டிப்பழத்தையோ உரித்துப் போட்டு, பப்படத்தையும் உடைத்துச் சேர்த்துக் கையால் பிசைந்து வழித்துச் சாப்பிடுவதுதான் இங்கே முறை. வெல்லப் பாகின் தித்திப்பு, தேங்காய்ப்பால், பழத்தின் லேசான புளிப்பு, பப்படத்தின் உப்பு எல்லாம் ஒரே வாயில் சேரும். பால்பாயசத்துக்குப் பழம் வேண்டாம், அதற்குப் போளி. மஞ்சளாக, துணி மாதிரி மெல்லியதாக இருக்கும் போளியை இலையில் விரித்து, மேலே பால்பாயசத்தை விடுவார்கள். ஊறுவதற்கு அரை நிமிடம் கொடுங்கள்.

அந்த மாதிரி விருந்து எங்கே கிடைக்கும்? ஓட்டலிலா?

ஓட்டல்களிலும் ஓணச் சமயத்தில் போடுகிறார்கள். சில இடங்களில் நன்றாகவே இருக்கும். ஆனால் ஒருமுறை வெளியூர் நண்பர் குடும்பத்தை ஓர் ஓட்டலுக்கு அழைத்துப் போய் மனம் நொந்தேன். அவியல் காலையிலேயே செய்து வைத்தது, தேங்காய் புளித்திருந்தது. அடைப்பிரதமன் என்று வந்ததில் தேங்காய்ப்பாலே இல்லை, கெட்டிப்படுத்த ஏதோ மாவைக் கரைத்து விட்டிருந்தார்கள். அந்தக் குடும்பம் அதுதான் எங்கள் ஊர்ப் பிரதமன் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. மறுநாளே வீட்டில் வைத்துக் கொடுத்தேன்.

அதனால் என் யோசனை இது. தெரிந்த வீட்டில் அழைத்தால் தயங்காமல் போங்கள். கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் பலர் ஓணத்துக்கு முன்பதிவு வாங்கிக்கொண்டு பாத்திரத்தில் சமைத்துக் கொடுக்கிறார்கள். நாலைந்து நாள் முன்பே சொல்லிவைக்க வேண்டும். ஓட்டல்தான் வழி என்றால் முதல் பந்தியில், பன்னிரண்டு மணிக்கே போய் உட்காருங்கள்.

இந்த ஊர்க்காரர்கள் பந்தியை எவ்வளவு பெரிதாக நினைத்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய் ஊட்டுப்புரையைப் பாருங்கள். இரண்டு தளங்களிலுமாக இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடும் கூடம் அது. ஊறுகாய் போட்டு வைத்த பெரிய சீனப் பரணிகளும் (ஜாடிகள்) அரண்மனையில் இருக்கின்றன. நவராத்திரிக்கு இந்த அரண்மனையிலிருந்துதான் சரஸ்வதி அம்மனும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் பவனி புறப்படுவார்கள். அந்த நாளில் போனால் இரண்டையும் பார்த்துவிடலாம்.

ஓலைக்கொழுக்கட்டை என்கிறார்களே, அது என்ன?

திருக்கார்த்திகைக்கு மட்டும் வருவது. எனக்கு வருடத்திலேயே பிடித்த பண்டம் இதுதான்.

பச்சரிசி மாவு, கருப்பட்டிப் பாகு, வறுத்த சிறுபயறு, தேங்காய்த்துருவல், ஏலக்காய், சுக்கு. இவ்வளவுதான். கையில் ஒட்டும் பதத்தில் பிசைந்துகொள்ள வேண்டும். பனங்குருத்தோலையை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, அதன் மடிப்புக்குள் மாவை அடைத்து, இன்னொரு ஓலையை மேலே கவிழ்த்து, ஓலைநாரால் இரண்டு இடத்தில் கட்டி ஆவியில் வேகவைப்பார்கள். வீட்டில் ஓலை நறுக்குவது பாட்டாவின் வேலை, அடைப்பது ஆச்சியும் அம்மாவும், கட்டுவது பிள்ளைகள். வெந்த பிறகு கட்டை அவிழ்த்தால் கொழுக்கட்டை முழுக்க ஓலையின் கோடுகள் பதிந்திருக்கும். கருப்பட்டி மணத்தோடு பச்சை ஓலையின் மணமும் சேர்ந்து வரும். அந்த ஓலை மணத்தை வேறு எந்தச் சமையலிலும் கொண்டுவர முடியாது.

இதே மாவைத் திரளி இலையில் பொதிந்து அவித்தால் திரளிக் கொழுக்கட்டை. இலையில் பட்டை மாதிரி ஒரு வாசனை இருக்கும். கார்த்திகைக்கு முந்தின இரண்டு நாட்கள் வடசேரி கனகமூலம் சந்தையில் திரளி இலையும் பனையோலையும் கட்டுக் கட்டாக விற்பார்கள். இலையை வாங்கிப்போய் நீங்களே செய்தும் பார்க்கலாம். செய்த கொழுக்கட்டை கடைகளில் அபூர்வம். ஆனால் அன்று மாலை எந்தத் தெருவில் நடந்தாலும், விளக்கு வைத்த வீட்டு வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசினால், கையில் ஒன்று வந்துவிடும்.

சவேரியார் கோயில் திருவிழா, கிறிஸ்துமஸ் சமயத்தில் என்ன விசேஷம்?

கோட்டாறு திருவிழா பத்து நாள். டிசம்பர் 3 உள்ளூர் விடுமுறை. திருவிழாக் கடைகளில் சீனி மிட்டாய், கருப்பட்டி மிட்டாய், பேரீச்சம்பழம், சுடச்சுட பஜ்ஜி எல்லாம் இருக்கும். எல்லா மதத்துக்காரர்களும் போவார்கள். திரும்பி வரும்போது கையில் ஒரு மிட்டாய்ப் பொட்டலமாவது இருக்கும்.

கிறிஸ்துமஸ் என்றால் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும். முந்திரிக்கொத்தில் முந்திரி இருக்காது, ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். கொடிமுந்திரிக் குலை, அதாவது திராட்சைக் குலை மாதிரி மூன்று மூன்றாக ஒட்டியிருப்பதால் அந்தப் பெயர். சிறுபயற்றை மணக்க வறுத்து, கரகரப்பாகப் பொடித்து, வறுத்த தேங்காய்த்துருவல், எள், ஏலக்காய் சேர்த்து, கருப்பட்டிப் பாகை ஊற்றிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும். பாகு ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் உருண்டு நிற்க வேண்டும், அதுதான் பதம். அதற்கு முன்பே இறக்கினால் உருண்டை எண்ணெயில் பிரிந்துவிடும், தாண்டிவிட்டால் பல்லை உடைக்கும். அம்மா உருட்டி முடிக்கும்போது உள்ளங்கை இரண்டும் சிவந்திருக்கும். அப்புறம் மஞ்சள் சேர்த்த அரிசி மாவில் மூன்று உருண்டைகளைச் சேர்த்து முக்கி, தேங்காய் எண்ணெயில் பொரிப்பது. இது இந்து வீட்டுக் கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் உண்டு, கிறிஸ்தவ வீட்டுக் கிறிஸ்துமஸுக்கும் உண்டு. டிசம்பர் 25 அன்று எங்கள் வீட்டுக்கு ஐந்தாறு வீடுகளிலிருந்து பலகாரத் தட்டு வரும். எந்த வீட்டுக் கொத்து என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன்.

மண்டையப்பத்தைச் சாப்பிடலாமா, அது நேர்ச்சைக்கு மட்டுமா?

சாப்பிடலாம். மண்டைக்காடு பகவதி அம்மன் கோயிலில் தலைவலி தீர வேண்டுமென்று நேர்ந்துகொண்டு செலுத்துவது அது. அரிசி மாவு, சிறுபயறு, வெல்லம், ஏலக்காய் சேர்த்துத் தலை உருவத்தில் பிடித்து அவிப்பார்கள். படைத்த பிறகு பகிர்ந்து சாப்பிடுவதுதான். மாசிக் கொடை பத்து நாளும் கடற்கரை மணலில் கல் கூட்டிப் பெண்கள் பொங்கலிட்டுக்கொண்டிருப்பார்கள். கேரளத்திலிருந்து இருமுடி கட்டி வருகிற அம்மாமார் பக்கத்தில் உட்கார்ந்தால் பொங்கல் கேட்காமலே கிடைக்கும்.

சிவாலய ஓட்டத்தில் வழியில் சாப்பாடு உண்டா?

உண்டு. முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு "கோவிந்தா, கோபாலா" என்று கூப்பிட்டபடி ஓடுவார்கள். விரதக்காரர்களுக்காக வழியெல்லாம் ஊர்க்காரர்கள் மோர், பானகம், சுக்குநீர், கஞ்சி என்று வைத்திருப்பார்கள். வண்டியில் போகிறவர்கள் ஓடி வருகிறவர்களுக்கு முதலில் வழிவிட்டு, அப்புறம் வாங்கிக் குடியுங்கள்.

நோன்புக் கஞ்சி வெளியூர்க்காரர்களுக்குக் கிடைக்குமா?

ரம்ஜான் மாதம் முழுக்க இடலாக்குடி, தக்கலை, குளச்சல், திருவிதாங்கோடு பக்கம் சாயங்காலம் போனால் பள்ளிவாசலில் பாத்திரத்தோடு வருகிற எல்லோருக்கும் ஊற்றுவார்கள். பாத்திரம் கொண்டு போங்கள். தேங்காய்ப்பாலும் வெந்தயமும் சேர்ந்த கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளப் பருப்பு வடை இருந்தால் வேறொன்றும் வேண்டாம்.

எல்லாமே சைவமாக இருக்கிறதே. மீன்?

மீன் இல்லாமல் குமரி மாவட்டமா! விசைப்படகுத் தடைக்காலம் இங்கே இரண்டு. சின்னமுட்டம் இருக்கும் கிழக்குப் பக்கத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் இருக்கும் மேற்குப் பக்கத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக, ஜூன் முதல் பாதியில் மட்டும்தான் இரண்டு பக்கமும் நிற்கும். அப்போதும் சிறு நாட்டு வள்ளக்காரர்கள் கொண்டுவரும் மீன் இருக்கும். பண்டிகைக் காலம் முழுக்கக் கவலையே இல்லை.

மரச்சீனிக்கிழங்கை (மரவள்ளி) அவித்து, தேங்காயோடு மசித்து, சாளை (மத்தி) மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிடுங்கள். அந்தக் கிழங்கு இங்கே வேரூன்றியது திருவிதாங்கூர் அரசர் விசாகம் திருநாள் காலத்தில், பஞ்சத்துக்கு மாற்றாக. இப்போது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஆகிவிட்டது. நெத்திலி அவியலும் கேட்டுப் பாருங்கள். மாங்காயும் தேங்காயும் சேர்த்து மண்சட்டியில் வற்ற வைத்தது. மேற்கே மார்த்தாண்டம் பக்கம் போகப் போகக் குழம்பில் கொடம்புளி வாசனை வரும்.

சாயங்காலம் தெருவில் நடக்கும்போது?

ரசவடை. நாகர்கோவில் டீக்கடைகளில் நாலு மணிக்குமேல் கேட்கலாம். மொறுமொறுப்பான பருப்பு வடையைச் சுடு ரசத்தில் ஊறப்போட்டுக் கிண்ணத்தில் கொடுப்பார்கள். வடை ரசத்தைக் குடித்துப் பஞ்சு மாதிரி ஆகியிருக்கும். மழை தூறினால் இன்னும் நல்லது. ஏத்தம்பழ பஜ்ஜியும் உண்டு. பனை சீசனில் வந்தால் காலையிலேயே அக்கானி (பதநீர்) குடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் புளித்துவிடும்.

கடையில் கேட்கும்போது சொற்கள் புரியவில்லையே?

கொஞ்சம் தெரிந்துகொண்டால் போதும். இங்கே சர்க்கரை என்றால் வெல்லம். வெள்ளையாக இருப்பது சீனி. பலாவுக்குச் சக்கை, வெள்ளைப்பூசணிக்குத் தடியங்காய், பதநீருக்கு அக்கானி, முந்திரிப்பருப்புக்கு அண்டிப்பருப்பு, மிளகுக்கு நல்லமிளகு, நேந்திரனுக்கு ஏத்தன், செவ்வாழைக்குச் செந்துளுவன். "பாயசத்துக்குச் சர்க்கரை போட்டதா, சீனி போட்டதா?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஊர்க்காரர் என்றே நினைப்பார்.

சுகர் இருக்கிறது. கருப்பட்டிப் பண்டம் சாப்பிடலாம் என்கிறார்களே?

கருப்பட்டியும் இனிப்புதான், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். இதை நம்பிக் கஷ்டப்பட்டவர்களைப் பார்த்திருப்பதால் அழுத்திச் சொல்கிறேன். எங்கள் விருந்தில் பாயசத்தை விட்டுவிட்டாலும் அவியல், துவரன், எரிசேரி, புளிசேரி, ரசம் என்று நிறைய மிச்சம் இருக்கிறது. சோற்றைக் குறைத்துக்கொண்டு அவற்றைக் கூடுதலாகக் கேட்டு வாங்கலாம். பரிமாறுகிறவர் "ஒரு கரண்டி விடட்டா அண்ணாச்சி?" என்று பாயச வாளியோடு நிற்பார். இலைமேல் கையை வைத்து மறைத்தால் புரிந்துகொள்வார்.

ஊருக்குத் திரும்பும்போது என்ன வாங்கிப் போகலாம்?

ஏத்தங்காய் சிப்ஸ் முதலில். கண்முன்னே தேங்காய் எண்ணெயில் பொரிக்கும் கடையாகப் பாருங்கள். வெந்து வரும் நேரத்தில் உப்புத் தண்ணீரைக் கையால் எண்ணெயில் தெளிப்பார்கள், சடசடவென்று பொங்கி அடங்கும். அந்தச் சத்தம் நின்றதும் அரித்து எடுத்ததை ஆறவிட்டுக் கட்டச் சொல்லுங்கள். சூட்டோடு கட்டினால் நமுத்துப்போகும்.

முந்திரிக்கொத்து இரண்டு வாரம் தாங்கும், ஈரக்கை படக் கூடாது. மார்த்தாண்டத்துத் தேனும் கருப்பட்டியும் நீண்ட நாள் இருக்கும். மட்டிப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சின்னதாக, மெல்லிய தோலோடு, நல்ல மணமாக இருக்கும். இங்கே பச்சைக் குழந்தைகளுக்கு முதலில் ஊட்டும் பழம் இதுதான். ஆனால் பழுத்ததை ரயிலில் கொண்டு போனால் நசுங்கிவிடும். வடசேரியில் பாதி பழுத்த சீப்பாகக் கேட்டு வாங்கி, பைக்குள் அடைக்காமல், ஜன்னல் பக்கத்துக் கொக்கியில் தொங்கவிட்டுக் கொண்டு போங்கள். சென்னை போய்ச் சேர்ந்து ஓரிரு நாளில் சாப்பிடச் சரியாக இருக்கும்.